15 மா நிலம், அப்பா, பெங்களூர் வேலை: எப்படி முடிவெடுப்பது?

பாமணியாறு (கேள்வி)

வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 64 வயசு. 15 மா (ஏறக்குறைய 5 ஏக்கர்) நஞ்சை, ஒரு போர்வெல் இருக்கு, குறுவை, அதை அறுத்தப்பறம் தாளடின்னு ரெண்டு போகம் நெல்லு போடுறார். எனக்கு 34, சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங், 11 வருஷ சர்வீஸ். இப்ப டீம் லீடா பெங்களூருக்குக் கேக்குறாங்க, ஏப்ரல் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். மனைவி தனியார் பள்ளியில கணக்கு டீச்சர், பையன் யூ.கே.ஜி. அண்ணன் சிங்கப்பூர்ல, தங்கச்சியைக் குத்தாலத்துல கட்டிக் கொடுத்திருக்கு.

தாளடி அறுப்பு முடிஞ்சதுலேர்ந்து அம்மா போன்ல "அப்பாவால முன்ன மாதிரி முடியல"ன்னு சொல்றாங்க. அப்பா வாயே திறக்கல. வேலையில முன்னேறணும்னா பெங்களூர், பிள்ளையா நடந்துக்கணும்னா ஊர்னு ரெண்டும் எதிரெதிரா நிக்குது. வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்தா நிலம் தாங்குமா? அண்ணன் தங்கச்சியோட மனஸ்தாபம் வராம எப்படிப் பேசுறது? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்டாற்றங்கரை

தம்பி, முதல்ல நிலம் தாங்குமான்னு பாத்துடுவோம். 15 மான்னா ஏறக்குறைய 5 ஏக்கர் (மா 33 சென்ட்). ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டுமுதல் (விளைச்சல்)னு வைங்க. 2025-26 பருவத்துல மாநில ஊக்கத்தொகையும் சேத்து பொது ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. 100 குவிண்டாலுக்கு 2,50,000. செலவு ஏக்கருக்கு 30,000னு ஒரு பேச்சுக்குப் போட்டா 1,50,000 போயிடும், போகத்துக்கு நிக்கிறது 1 லட்சம். தாளடியும் அதே மாதிரி வந்து, உளுந்துல ஒரு 40,000 கெடச்சா வருஷத்துக்கு 2,40,000. மாசத்துக்கு 20,000. அதுவும் ரெண்டு குடும்பத்துக்கு. வீட்டாள் உழைப்புக்குக் கூலி இதுல சேரல, மழையில சாஞ்ச பயிரும் சேரல. 30,000ங்கிறது நான் போட்ட எண். உழவு, நாத்து, நடவு, உரம், மருந்து, களை, அறுப்பு வண்டி, ஏத்துக்கூலின்னு உங்க அப்பாகிட்ட உக்காந்து உங்க வயலுக்கு எழுதுங்க, கூடவோ குறையவோ வரும்.

அதனால நெல்லை மட்டும் நம்பி சம்பளத்தை விடுறதுங்கிற பேச்சை இன்னிக்கே ஒதுக்கி வைங்க. ஆனா உங்க அம்மா சொல்றது வேற விஷயம். "முடியல"ன்னா எது முடியல? இப்ப உழவு, அறுப்பு எல்லாம் வண்டிதான் செய்யுது, நடவும் பாதி இடத்துல வண்டிதான். 64 வயசுக்காரருக்கு ஒடம்பை முறிக்கிறது மூணே இடம். ராத்திரி மடை பாக்குறது (வயலுக்குத் தண்ணி திருப்பி விடுறது) ஒண்ணு. அறுப்பு வண்டிக்கு அலையிறது ஒண்ணு, ஈரம் கெடந்தா டயர் வண்டி எறங்காது, பெல்ட் வண்டிதான் வேணும், தை மாசத்துல எல்லாரும் ஒரே நாள்ல அதைத்தான் தேடுவாங்க. மூணாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டுக் காவல் கெடக்குறது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. வண்டியில அறுத்த நெல்லு அதுக்கு மேலதான் இருக்கும், பரப்பிக் காயவெச்சு, மேகம் கட்டுனா தார்ப்பாய் போட்டு மூடி, வரிசை வர்ற வரைக்கும் யாராவது நிக்கணும். இந்த மூணுல எதுன்னு கேட்டுட்டா பாதிக் கேள்வி தீந்துடும். மடைதான் சிரமம்னா ஊர்லயே ஒருத்தருக்கு மாசச் சம்பளம் பேசிடலாம். கொள்முதல் நிலையம்தான்னா நீங்க போகத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டாப் போதும்.

அதுக்கு மேலயும் விவசாயம் உங்களுக்கு ஒத்துவருமான்னு பாக்கணும்னா வேலையில இருந்துக்கிட்டே பாருங்க. 15 மாவுல 5 மாவை மட்டும் ஒரு போகத்துக்கு உங்க பொறுப்புல எடுத்துக்குங்க. தனி நோட்டு, தனிக் காசு, உங்க முடிவு. அப்பா 10 மாவை அவர் இஷ்டத்துக்குப் பண்ணட்டும். குறுவைன்னா மேட்டூர் ஜூன் 12 திறக்குறதை நம்பி நாள் குறிக்காதீங்க. 2024ல ஜூலை 28தான் திறந்தாங்க. போர்த் தண்ணி இருக்குறதால முன்னாடியே நாத்து விட்டுடலாம். குறுவை பிந்திப் போச்சுன்னா கதிர் முத்துற நேரத்துல ஐப்பசி மழை பிடிச்சுக்கும், நெல்லு சாஞ்சு வயல்லயே முளைச்சுடும். சம்பளக்காரங்க பண்ற விவசாயத்துல முதல்ல வர்ற தப்பு இந்தப் பிந்துறதுதான். ஏன்னா சனிக்கிழமைக்காகக் காத்திருப்பாங்க. விதை ஏக்கருக்கு 24 கிலோ, ஆடுதுறை 45 மாதிரி 110 நாள் ரகம் போதும்.

இந்த ஏற்பாடு எங்க கெடும்னு சொல்லிடுறேன். நீங்க வராத நாள்ல அப்பா சத்தமில்லாம உங்க 5 மாவுக்கும் தண்ணி வெச்சுடுவார். பாசத்துல செய்யிறதுதான், ஆனா கணக்கு பொய்யாயிடும், "நம்மளால முடியும்"னு நீங்க தப்பா முடிவு பண்ணிடுவீங்க. அவர் வந்த ஒவ்வொரு நாளையும் ஒரு ஆளாப் போட்டு ஊர்க் கூலி விலையில நோட்டுல ஏத்துங்க. காசாக் கொடுத்தா வாங்க மாட்டார், எழுதி மட்டும் வைங்க.

தாய்பத்திரம்

வெட்டாற்றங்கரை சொன்ன வரவு செலவோடு நிலத்தின் பத்திரங்களையும் பார்த்துவிட வேண்டும். உறவு கெடுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை. யார் பெயரில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒருவர் உழைத்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டிருப்பார்கள்.

முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். டெல்டாவில் இன்னமும் தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாக்கள் ஏராளம். அப்படி இருந்தால் தாத்தாவின் வாரிசுகள் எல்லோரும் உள்ளே வருவார்கள், அத்தைமார்கள் உட்பட. அடுத்து குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) போடுங்கள். அதன் பிறகு அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார்கள் என்ற கிராமக் கணக்கு) சாகுபடிதாரர் பெயர். சொசைட்டிக் (கூட்டுறவுச் சங்கக்) கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் எல்லாம் சிட்டா அடங்கலைத்தான் கேட்கும்.

தங்கையின் பங்கைப் பற்றி: பூர்வீகச் சொத்து என்றால் அவருக்கும் உங்களுக்கும் அண்ணனுக்கும் சமமான உரிமை. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. 2005 மத்தியத் திருத்தம் மணமான மகள்களுக்கும் தந்தது. 2005ல் தந்தை உயிரோடு இருந்தாரா என்ற சிக்கலையும் 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது, அவர் இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. "நகை போட்டுச் சீர் செஞ்சாச்சு" என்பது சட்டத்தில் பதில் ஆகாது. அப்பா தாமே சம்பாதித்து வாங்கிய நிலம் என்றால் மட்டும் அவர் விருப்பம் போல எழுதலாம். இதைத் தங்கையிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கேட்டு நீங்கள் ஒப்புக்கொள்வதற்கும், கேட்குமுன் நீங்கள் சொல்வதற்கும் வித்தியாசம் நிறைய. பின்னது பத்து வருடத்துக்கு உறவைக் காப்பாற்றும்.

உடனே பாகம் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்பா இருக்கும்போது அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் இனிமேல் யார் செலவு செய்கிறார்களோ அதை எழுதியாக வேண்டும். புது மோட்டார், கொட்டகை, வரப்பு உயர்த்தியது, இப்படி நிலத்தோடு தங்கிவிடும் செலவு எதுவானாலும் ரசீதைப் படம் எடுத்து மூன்று பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் போடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை கணக்கு அனுப்பினால் போதும்: தாளடி நெல் போட்டபின் ஒன்று, உளுந்து எடுத்தபின் ஒன்று. அண்ணன் பதில் போடாவிட்டாலும் அனுப்புங்கள். "நான் சிங்கப்பூரில் இருந்தேன், எனக்கென்ன தெரியும்" என்ற பேச்சு பின்னால் வராது.

பிரிக்கும் நாள் வந்தால் வாய்மொழியாகப் பிரித்து வரப்பு போட்டுக்கொள்வது வேண்டாம். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் (தானமாக எழுதுவது), விடுதலை (பங்கை விட்டுக்கொடுப்பது) பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் இருந்து இதுதான். பதிந்த கையோடு உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அண்ணன் நேரில் வர முடியாவிட்டால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பொது அதிகாரப் பத்திரம் வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

மருதாணி

ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க, அதுல உங்க மனைவியைப் பத்தி ஒண்ணுகூட இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க. கேள்வி எழுதும்போது விட்டுப்போனது வீட்லயும் விட்டுப்போயிருக்கும்.

ஊருக்கு வர்றதுன்னா உங்களுக்கு வேலை மாறுது. அவங்களுக்கு வேலை, வீடு, சமையக்கட்டு, பையன் பள்ளிக்கூடம், சொந்தக் காசு அஞ்சும் ஒரே நாள்ல மாறுது. "நீ என்ன சொல்றே"ன்னு கேட்டா "உங்க இஷ்டம்"னுதான் வரும். அது சம்மதம் இல்லை. அதனால கேக்குற விதத்தை மாத்துங்க. ரெண்டு தாளை எடுத்துக்குங்க. ஊர்ல ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, காலையில 5 மணியிலேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் யார் எங்க இருப்பாங்கன்னு நீங்க ஒண்ணு எழுதுங்க, அவங்க ஒண்ணு எழுதட்டும். பேசிக்காம எழுதணும். அப்பறம் மாத்திப் படிங்க. நடவு அன்னிக்கு ஆளுக்குச் சோறு யார் வடிக்கிறது, மாமியார் எழுந்துக்கிற நேரம், ஞாயித்துக்கிழமை ஓய்வு உண்டா, எல்லாம் அந்தத் தாள்லதான் வெளிய வரும்.

அவங்க வேலையைப் பத்தி: கணக்கு டீச்சருக்கு மன்னார்குடி, தஞ்சாவூர், கும்பகோணம் மூணு ஊர்லயும் தனியார் பள்ளியில இடம் கிடைக்கும், ஆனா சென்னைச் சம்பளத்தை எதிர்பாக்காதீங்க. புதுசா ஆள் எடுக்குறது ஏப்ரல், மே மாசம், ஜூன்ல கதவு மூடிடும். பையனை ஒண்ணாம் வகுப்புல சேக்குறதும் அதே நேரம். அப்ப முடிவு ஆடியில எடுத்தா அவங்களுக்கு ஒரு வருஷம் சம்பளம் போச்சு. அரசுப் பள்ளிதான் ஆசைன்னா பி.எட். முடிச்சிருக்காங்களா, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதியாச்சான்னு பாருங்க, அந்தப் படிப்புக்கு வீட்ல ஒரு அறையும் நாளுக்கு ரெண்டு மணி நேரமும் யாரும் தொடாததா ஒதுக்கணும்.

எங்க தங்குறதுங்கிறதையும் முன்னாடியே பேசிடுங்க. நீடாமங்கலத்துலயோ மன்னார்குடியிலயோ வாடகைக்கு இருந்துக்கிட்டு வயலுக்குப் போய்வர்ற தூரம்தான் உங்க ஊர். அதை அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். மருமக வாயால அந்தப் பேச்சு போச்சுன்னா "அவ பிரிச்சுட்டா"ன்னு ஆயிடும், கடைசி வரைக்கும் மாறாது.

இன்னொண்ணு, அம்மா உங்ககிட்ட சொல்றதை அப்பா சொன்னதா எடுத்துக்காதீங்க. அம்மாக்கள் சில நேரம் தங்களுக்கு முடியாததைத்தான் அப்பா பேர்ல சொல்லுவாங்க. அம்மாவுக்கு மூட்டுவலியா, தனியா இருக்க பயமா, அடமானத்துல இருக்குற நகை மேல கவலையா? தனியா உக்காந்து அவங்களைப் பத்தியே கேளுங்க.

சம்பளச்சீட்டு

வேலை பக்கம் நான் சொல்றேன். பெங்களூர்ல கொடுக்குறது பதவி உயர்வுதானா, இல்ல இடமாற்றத்துக்குப் பேர் மாத்துனதா? எழுத்துல கேளுங்க: எத்தனை பேர் உங்களுக்குக் கீழ வர்றாங்க, அவங்க அப்ரைசல் உங்க கையில இருக்கா, நேரடியா டெஸ்டிங் பண்றது எத்தனை பங்கு, ராத்திரி ஆபீஸ் போன் கால் எத்தனை நாள். 11 வருஷம் டெஸ்டிங் பண்ணவர் ஆட்களை நடத்தப் போறார்னா அது வேற தொழில். அது பிடிக்கும்னா பெங்களூர் வளர்ச்சிதான். பிடிக்காம போனா 18 மாசத்துல ரெண்டும் கெட்டு நிப்பீங்க, கையிலிருந்த தொழில்லயும் துரு ஏறியிருக்கும். சென்னையில இருந்துக்கிட்டே அதே பொறுப்பை 6 மாசம் பாக்குறேன்னு கேட்டுப் பாருங்க. "குடும்பச் சூழ்நிலை"ன்னு மொட்டையா எழுதாதீங்க. எந்தத் தேதி வரைக்கும், அதுக்குள்ள என்ன வேலையை முடிச்சுத் தருவேன், நேர்ல எத்தனை நாள் பெங்களூர் வர முடியும்னு மூணும் இருந்தாத்தான் மேலாளர் அதை மேல அனுப்ப முடியும்.

வேலையை விடுறதுதான்னு ஆனா, விடுறதுக்கு முன்னாடி சம்பளச் சீட்டு கையில இருக்கும்போதே செய்ய வேண்டியது சிலது இருக்கு. கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலை முடியிற நாளோட போயிடும். தனியா ஒரு பாலிசி இப்பவே எடுங்க, ஏற்கெனவே இருக்குற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாசம் வரைக்கும் போகலாம். டேர்ம் இன்ஷூரன்ஸும் இப்பவே, வருமானச் சான்று இல்லாதவருக்குப் பெரிய தொகைக்குத் தர மாட்டாங்க. பர்சனல் லோன், கார் லோன் இருந்தா அடைச்சுட்டுத்தான் கடிதம் கொடுக்கணும். பி.எஃப்.பை உருவாதீங்க. பி.எஃப்.ல பென்ஷன் பங்கும் பிடிச்சிருந்தா, 10 வருஷம் தாண்டிட்டதால 58 வயசுல பென்ஷன் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய கம்பெனி பி.எஃப். கணக்கெல்லாம் ஒரே எண்ல சேந்திருக்கான்னு மட்டும் பாருங்க, சேராம இருந்தா அந்த 10 வருஷம் கணக்குல வராது. இதே கம்பெனியில 5 வருஷம் முடிய ஒண்ணு ரெண்டு மாசம்தான் குறையுதுன்னா பொறுத்துட்டு விடுங்க. அப்பத்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும், கடைசி மாச அடிப்படைச் சம்பளத்தை 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து வருஷத்தால பெருக்குற தொகை. சின்னக் காசு இல்ல.

கையிருப்பு எவ்வளவுன்னா, ஒரு வருஷ வீட்டுச் செலவு, அதோட ரெண்டு போகச் சாகுபடிச் செலவு. ஏன் ரெண்டுன்னா, முதல் போகம் மழையில போச்சுன்னா காப்பீட்டுத் தொகை வர்றதுக்குள்ள அடுத்த நாத்து விட்டாகணும். அந்த இடைவெளியிலதான் மனைவி நகை அடமானத்துக்குப் போகுது.

ரெண்டு வருஷம் வரைக்குமான இடைவெளியை நேர்காணல்ல விளக்கிடலாம். அதுக்கு மேல டெஸ்டிங்ல கருவிகள் மாறிடும். அதனால ஊருக்குப் போனாலும் வாரத்துக்கு ஏதாவது கொஞ்சம் வேலை கையில இருக்கட்டும்.

பாமணியாறு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மனைவிகிட்ட அந்தத் தாள் விஷயத்தைச் சொன்னேன், இந்த ஞாயித்துக்கிழமை எழுதப்போறோம். சென்னையில 6 மாசம் கேக்குற கடிதமும் எழுதிக்கிட்டிருக்கேன். ஒண்ணுதான் இன்னும் புரியல. அப்பாகிட்ட பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது? "கணக்கு சொல்லுங்க"ன்னா கோவப்படுவார். போன் எடுத்தா "நல்லாருக்கேன்"னு சொல்லிட்டு அம்மாகிட்ட கொடுத்துடுவார்.

வெட்டாற்றங்கரை

கணக்குலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, வயல்லேர்ந்து ஆரம்பிங்க. சித்திரை வைகாசியில வயல் காஞ்சு கெடக்கும், உளுந்தும் வீட்டுக்கு வந்திருக்கும், அவருக்கு அவசரம் இருக்காது. ஒரு வாரம் லீவு போட்டுத் தனியாப் போங்க. பொங்கல், கோயில் திருவிழான்னு நாலு பேர் கூடுற நாள்ல வேண்டாம்.

முதல் ரெண்டு நாள் ஒண்ணும் கேக்காதீங்க. மூணாம் நாள் காலையில அவரோட நடந்து, எந்த வயலுக்கு எந்த மடையில தண்ணி ஏறுது, எது மேடு, எது பள்ளம், எங்க உப்புப் பூக்குது, எந்த வரப்புல எலி வளைன்னு கேட்டு நோட்டுல படம் போடுங்க. 15 மாவுக்கும் போடணும். படிச்ச பிள்ளை தன்கிட்ட கத்துக்க வந்திருக்கான்னு தெரிஞ்சா வாய் திறக்காதவரும் பேசுவார். பேச்சு தானா "அந்தக் கோடி வயலுக்குப் போன வருஷம் மூணு நாள் ராத்திரி முழிச்சேன்"னு வரும். அப்ப கேளுங்க, "இனிமே அதுக்கு ஆள் போடலாமாப்பா, நான் கொடுக்குறேன்". வேண்டாம்னுதான் சொல்லுவார். மறுபடி ஒரு நாள் விட்டுக் கேளுங்க.

கடனைப் பத்திக் கேக்குறப்ப மொத்தம் எவ்வளவுன்னு கேக்கக் கூடாது, அது குத்தம் சாட்டுற மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணாக் கேளுங்க: சொசைட்டிப் பயிர்க் கடன், நகைக் கடன், உரக்கடை பாக்கி, கைமாத்து. தவணை தவறாம கட்டுனா சொசைட்டிப் பயிர்க் கடனுக்கு வட்டி இல்லை, தவறுனா வட்டி ஏறும். அதனால கடைசித் தேதி எதுன்னு அந்தப் பாஸ்புக்கைப் பாத்து உங்க போன்ல ஏத்திக்குங்க. பயிர்க் காப்பீட்டுக்கும் அப்படியே. சம்பா, தாளடிக்கு வழக்கமா நவம்பர் 15தான் கடைசி, ஆனா அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்க. பொதுச் சேவை மையத்துல அன்னிக்குக் கூட்டம் தாங்காது, நவம்பர் முதல் வாரத்துலயே அடங்கல் வாங்கிக் கட்டிடுங்க. இதெல்லாம் சென்னையில இருந்துக்கிட்டே நீங்க ஏத்துக்கக்கூடிய வேலை.

போறப்ப அந்தப் படத்துல ஒரு பிரதி எடுத்து அப்பாகிட்ட கொடுத்துட்டு வாங்க. தப்பு இருந்தா அவரே போன் பண்ணுவார்.